காணாமல் போன அறுபது வோல்ட்

"ஹீட்டர் செத்துப்போச்சுங்க டீச்சர்," என்றார் ராக்கியப்பன். "தூக்கி வீசீட்டுப் புதுசு வாங்கச் சொல்லீட்டேன்."

அவருக்கு ஐம்பத்தோரு வயது. மில் மூடிய பிறகு எலெக்ட்ரிக்கல் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். கற்றுத்தந்த ஷம்ஷாத் டீச்சருக்கு முப்பத்துமூன்று.

இருவரும் பழனாத்தாளின் கோழிக் கொட்டகையில் நின்றிருந்தார்கள். மார்கழிக் குளிர். பிறந்து மூன்றே நாளான குஞ்சுகள் ஹீட்டருக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. காலையில் பார்த்தபோது நாற்பது செத்துக் கிடந்தன.

"எப்படிச் சொல்றீங்கண்ணே?"

அவர் நோட்டை நீட்டினார்.

"இருநூத்தி முப்பது வோல்ட். ஓடற கரண்ட் மூணு புள்ளி ரெண்டு ஆம்பியர். வகுத்தா எழுபத்திரண்டு ஓம் வருதுங்க. ஆயிரம் வாட் ஹீட்டருக்கு ஐம்பத்துமூணுதான் இருக்கோணும். காயிலுக்கு வயசாகித் தடை ஏறிப்போச்சு."

"கணக்குச் சரி."

அவர் முகம் மலர்ந்தது.

"ஆம்பியர் நீங்க அளந்தது. வோல்ட்டு?"

"அதும்மேலயே அச்சடிச்சிருக்குதுங்களே."

டீச்சர் மீட்டரை அவர் கையில் கொடுத்தார்.

ராக்கியப்பன் ஹீட்டர் ஓடும்போதே அதன் முனைகளில் வைத்துப் பார்த்தார். நூற்றெழுபது. மறுபடி வைத்தார். நூற்றெழுபதேதான்.

மண்டியிட்டு உட்கார்ந்து வகுத்தார். ஐம்பத்துமூன்று ஓம்.

பெருக்கினார். ஐந்நூற்று நாற்பத்துநான்கு வாட். கிட்டத்தட்டப் பாதிச் சூடு.

"காயில் நல்லாத்தான் இருக்குதுங்க." அவருக்குக் காது சுட்டது. "பழனாத்தாக்காகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"அது அப்புறம். மெயின் போர்டுல எவ்வளவு?"

ஓடிப்போய் அளந்துவிட்டு வந்தார். "அங்க இருநூத்தி முப்பது சரியா இருக்குதுங்க."

"அப்ப வழியில அறுபது வோல்ட்டைக் காணோம். அதையும் பெருக்கிப் பாருங்க."

"நூத்தித் தொண்ணூத்திரண்டு வாட்."

"அவ்வளவு சூடு எங்கண்ணே போச்சு?"

ராக்கியப்பன் நிமிர்ந்தார். ஒயர் கூரையோரமாகப் போயிற்று. கண்ணும் அதன் கூடவே போனது. நடுவில் ஒரு ஜாயிண்ட். டேப் உருகித் தொங்கியது. நேர் கீழே உமி மூட்டைகள். மேல் மூட்டையின் சாக்கு கருகத் தொடங்கியிருந்தது.

பாய்ந்துபோய் மெயினை அணைத்தார். புது ஹீட்டரை மாட்டிவிட்டு அவர்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தால்? அதற்குமேல் அவரால் நினைக்க முடியவில்லை.

டீச்சர் கருகிய மூட்டையை இழுத்து வெளியே போட்டார்.

"எனக்கும் முதல் வருசம் இப்படி ஆகியிருக்கு," என்றார். "உக்காந்து தண்ணி குடிங்கண்ணே. ஒயரை மாத்தலாம்."

மாற்றினார்கள். மீட்டர் இருநூற்று இருபத்தைந்து காட்டியது. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று விட்டு இறங்கி, கொட்டகை முழுக்கப் பரவி மேய ஆரம்பித்தன.

பழனாத்தாள் புது ஹீட்டர் வாங்க டவுனுக்குப் புறப்பட்ட கோலத்தில் பையோடு வந்து நின்றாள்.

"இந்தப் பழசை எங்கீங்க வீசறது?"

ராக்கியப்பன் எழுந்து நின்றார்.

"நாந்தான் தப்பாச் சொல்லீட்டனுங்கக்கா. அதும்மேல ஒரு குத்தமும் இல்லை. அதுக்குப் போய்ச் சேர வேண்டியது சேரலை, அவ்வளவுதான்."