ஒரு காலுக்கு இரண்டு பெட்டி

வேம்பனூர் அரசர் இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார். நோய்நொடிக்குக் கொடுக்க உடற்பெட்டி. வண்டி குடைசாய்ந்தால் கொடுக்க வண்டிப்பெட்டி. இரண்டுக்கும் ஊரார் வருடந்தோறும் நெல் அளந்தார்கள். வாங்கும்போது இரண்டும் தாமாகவே திறந்துகொள்ளும். கொடுக்கும்போதுதான் பூட்டு மக்கர் செய்யும்.

மஞ்சள் விற்கும் மருக்கொழுந்தின் வண்டி குடைசாய்ந்து அவள் கால் முறிந்தது. வைத்தியர் கட்டுப் போட்டார். கூலி வராமல் கட்டைப் பிரித்து மறுபடி கட்டமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். கட்டாவிட்டால் கால் கோணலாகத்தான் சேரும்.

மருக்கொழுந்து உடற்பெட்டி அதிகாரி பூவணநாதரிடம் ஆள் அனுப்பினாள். வண்டியால் வந்த வினை, முதலில் வண்டிப்பெட்டி கொடுக்கட்டும், மீதியை நான் தருகிறேன் என்றார் அவர். வண்டிப்பெட்டி அதிகாரி கங்காதரரோ, முறிந்தது அச்சாணி இல்லையே, உடம்புதானே, முதலில் உடற்பெட்டி கொடுக்கட்டும், மீதிதான் என் பாடு என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கடைசியில் அவளைக் கட்டிலோடு சபைக்குத் தூக்கி வந்தார்கள்.

"சாமி, பெட்டி ரெண்டு இருக்கு. முறிஞ்ச காலு ஒண்ணுதான். அது கோணிக்கிட்டு வருது" என்றாள்.

சபை விகடன் விடங்கன் எழுந்து போய் அரசர் காதில் ஏதோ சொன்னான். ஒரு தட்டில் பட்டும் தாம்பூலமும் வந்தன.

"இந்த வழக்கில் முதல் மரியாதை செய்ய அரசர் விரும்புகிறார். இரண்டு பெட்டியில் எது முதல்?" என்று கேட்டான்.

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். வண்டி உண்டாகும் முன்பே உடம்பு உண்டு என்றார் பூவணநாதர். வண்டி சாயாவிட்டால் வழக்கே இல்லை என்றார் கங்காதரர். அவர் பேசி முடிப்பதற்குள் பூவணநாதர் பட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சந்தேகமில்லையே? நீங்கள்தானே முதல்?" என்றான் விடங்கன்.

"நானேதான்."

"அப்படியானால் முதலில் நீங்கள் கொடுங்கள்."

பூவணநாதரின் கை பட்டைக் கழற்றப் போனது. சபையே பார்த்துக்கொண்டிருந்ததால் பாதியில் நின்றது. கங்காதரர் சாவகாசமாக உட்கார்ந்து, அவர்தான் முதல், நான் இரண்டாவதுதான் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

"மிகவும் நல்லது. மீதி உங்களுடையது" என்றான் விடங்கன்.

கூலி வந்ததும் வைத்தியரை வரவழைத்தார்கள். அவர் சபையிலேயே கட்டைப் பிரித்து, காலை நேராக வைத்து மறுபடி கட்டினார். அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள் என்றார்.

விடங்கன் சிரிக்கவில்லை.

"எதுவானாலும் சரி, அரசே. ஒரே பெட்டியிலிருந்து கொடுங்கள்."