மண்டலக் கெடு

தொட்டால் ஆள் சாவான் என்று பேர் வாங்கிய ஆசான் ஒருவர் மலையடிவாரத்தில் களரி நடத்தி வந்தார். சுயம்பு ஆசான் என்பார்கள். அவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்த புருஷனைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் விட்ட பெண்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. ஆசான் இதற்கெல்லாம் ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தே பேர் வளர்ந்தது.

அவருடைய தலைச்சீடன் பூதலிங்கம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன், பிள்ளைகுட்டிக்காரன். விடிவதற்குள் மரங்களைக் கீறி முடித்துவிட்டு, சாயங்காலமானால் களரியில் வந்து நிற்பான். தொடுவர்மத்தை ஆசான் அவனுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். விலாவுக்குக் கீழே ஓர் இடம் இருக்கிறது. அங்கே விரல் பட்டால் ஆள் விழமாட்டான். சாப்பிடுவான், தூங்குவான், வேலைக்கும் போவான். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கழிவதற்குள் போய்ச் சேருவான். பாடம் அப்படி.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அவனுக்கும் அண்ணன் செண்பகராமனுக்கும் வாய்த்தகராறு. வயதான அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டது. அண்ணன் கன்னத்தில் ஒன்று விட்டான். பூதலிங்கத்தின் விரல், அவன் நினைப்பதற்கு முன்பே, அண்ணனின் விலாவுக்குக் கீழே போய்த் தொட்டுவிட்டது. குத்தவில்லை, அழுத்தவும் இல்லை. அண்ணனுக்கு வலிக்கக்கூட இல்லை. “என்னலே, கிச்சுகிச்சு மூட்டுகியா” என்று சிரித்துவிட்டுப் போனான்.

பூதலிங்கத்துக்குத்தான் உயிர் போய்விட்டது. ஆசானிடம் ஓடி நடந்ததைச் சொன்னான். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இரு என்றார் அவர். அண்ணன் முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல் பூதலிங்கம் அன்றைக்கே மலைக்கு அந்தப்புறம் கேரளத்துத் தோட்டம் ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

மண்டலம் முடியச் சில நாட்களே இருந்தபோது செய்தி வந்தது. வயிற்றுவலி என்று படுத்த அண்ணன், காய்ச்சல் கண்டு, வீட்டிலேயே கிடந்து செத்துப்போனான். ஆசான் பக்கத்திலிருந்து எண்ணெய் போட்டுத் தடவியும் பலிக்கவில்லை என்றார்கள்.

ஊருக்கு வந்த பூதலிங்கம் வலதுகையைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டான். சொந்த மகளைத் தூக்கவில்லை. பால் வெட்டப் போகவில்லை. சோறும் இடதுகையால்தான். அம்மா அவன் முன்னால் உட்கார்ந்து மூத்தவனை நினைத்து அழும்போது எழுந்து வெளியே போய்விடுவான். வீட்டில் எல்லாம் தெரிந்தவள் அவன் மனைவி கனகம் ஒருத்திதான். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது, அதற்குப் போய் இப்படியா என்று அவள் ஆறுதல் சொன்னாள்.

“அது ஆசான்கிட்ட படிச்ச காக்காடீ” என்றான் அவன்.

ஒரு நாள் விறகுப்புரையில் புதுக்கயிறு ஒன்று சுருட்டி வைத்திருப்பதைக் கனகம் பார்த்தாள். கேட்டதற்கு அவன் மறைக்கவில்லை. ஆசான் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், ஆமென்று சொல்லிவிட்டால் அப்புறம் இருக்க மாட்டேன் என்றான். கனகம் தலையில் அடித்துக்கொண்டு அவனைக் கையோடு களரிக்கு இழுத்து வந்தாள். ஆசான் காலில் அவனைத் தள்ளிவிட்டு ஓரமாக நின்று அழுதாள்.

பூதலிங்கம் நிமிராமலே கேட்டான்.

“எங்கண்ணனைக் கொன்னது எனக்க விரலா ஆசானே?”

“இல்ல.”

“நான் சாவக்கூடாதுண்ணு சொல்லுகிய. அப்பொ நீங்க சொல்லித்தந்த பாடம் பொய்யா?”

 ஆசான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கீழே போட்டார். அவன் கையைப் பிடித்துத் துணியை அவிழ்த்தார். அவன் திமிறினான். கிழவருக்குப் பிடி இன்னும் இருந்தது. அந்த விரலை இழுத்துத் தன் விலாவுக்குக் கீழே, அதே இடத்தில், ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கையை விட்டார்.

“ஒரு மண்டலம் போவட்டும். நான் செத்தா நீ சொல்லுகது சரி. அதுவரை உனக்குச் சாவ அனுமதி இல்ல. நாள் எண்ணுகதுக்கு ஆளு வேணும்லா?”

அன்றிலிருந்து பூதலிங்கம் களரியிலேயே கிடந்தான். ஆசானுக்குக் கஞ்சி வைத்தான், துணி துவைத்தான். அவர் இருமினால் எழுந்து உட்கார்ந்தான். அவர் சற்று அதிகமாகத் தூங்கிவிட்டால் மூக்கின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தான், அதுவும் இடதுகையை. மழை விடாமல் பெய்தது. களரித் தரை ஊறிப்போய்ப் பயிற்சியே நடக்கவில்லை. நாள் எண்ணுவதைத் தவிர அங்கே யாருக்கும் வேலை இல்லை.

பாதிக் கெடுவில் ஆசானுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. மற்ற சீடர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூதலிங்கம் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். இரண்டாவது கொலையும் தன் கணக்கில் வந்துவிட்டது என்றே நினைத்தான்.

ஆசான் கண்ணைத் திறந்து, ஓர் ஆட்டோ பிடி என்றார். எங்கே என்று கேட்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு என்றார்.

களரியில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. வர்மம் பட்ட உடம்பில் ஊசி ஏறினால் உயிர் தங்காது என்பதும் அங்கே பாடம்தான். ஆசான் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. வார்டில் இடமில்லாமல் நடைபாதையில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் பெண் வந்து, திரும்பிப் படுங்க தாத்தா என்று சொல்லி இடுப்பில் ஊசி போட்டாள். தொட்டால் ஆள் சாவான் என்ற ஆசானைத் தொட்ட அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை வேடிக்கை பார்க்கவே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ் ஏறி வந்தார்கள். இத்தனை காலத்துப் பேர் ஒரு வாரத்தில் சிரிப்பாய்ச் சிரித்தது. சீடர்கள் ஒவ்வொருவராக வேறு களரி பார்த்துப் போனார்கள்.

காய்ச்சல் இறங்கியது. மண்டலமும் முடிந்தது. அதன் மறுநாள் காலையில் ஆசான் களரி வாசலில் உட்கார்ந்து, பூதலிங்கம் வைத்த கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

“சாவல்லையே மக்கா” என்றார்.

பூதலிங்கத்தின் முகம் தெளியவில்லை. இதைச் சொல்லத்தான் அவன் நாலைந்து நாளாகக் காத்திருந்தான்.

“நீங்க அடங்கல் தெரிஞ்சவரு. எனக்குத் தெரியாம மாத்து இடத்தில தொட்டு வர்மத்தை இளக்கியிருப்பிய.”

ஆசான் கஞ்சியைக் கீழே வைத்தார்.

“செத்திருந்தா?”

“எனக்க விரலு.”

“சாவல்ல.”

“உங்க அடங்கலு.”

“எப்பிடி விழுந்தாலும் உனக்க விரலுதான் ஜெயிக்கணும், இல்லியாலே?”

  இத்தனை நாளும் கொலைகாரனாக இருந்தவனுக்கு அதை விட்டால் தான் யார் என்று தெரியவில்லை. பூதலிங்கம் தன் வலதுகையைப் பார்த்தான். ரப்பர் பால் கறை மாறாத ஒரு கூலிக்காரன் கை. குலுங்கிக் குலுங்கி அழுதான். ஆசான் அழவிட்டார்.

அழுது ஓய்ந்த பிறகு அவன் கேட்டான்.

“அப்பொ எங்கண்ணன் ஏன் செத்தான்?”

ஆசான் தரையைப் பார்த்துச் சொன்னார். 

“வயித்துவலி கூடினப்பொ உனக்கண்ணன் பெண்டாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவ ஜீப்பு வரவச்சா. உனக்கண்ணன் ஏறி உக்காந்தாச்சு. நீ தொட்டது எனக்குத் தெரியும்லா. வர்மம் பட்ட உடம்பு, ஊசி ஏத்தப்படாது, இறக்குங்கண்ணு சொன்னேன், உனக்க பேரு மட்டும் சொல்லல்ல. இறக்கிட்டாவ.”

 வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கும் அண்ணனைப் பூதலிங்கத்தால் பார்க்க முடிந்தது. அண்ணன் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டான். ஆசான் சொல்லிவிட்டாரே.

“நீங்க அதை நம்பித்தான் சொன்னியளா ஆசானே?”

“அண்ணைக்கு ஜீப்பைச் சுத்தி ஊரே நிண்ணுது மக்கா. எல்லாரும் எனக்க வாயைத்தான் பாத்துக்கிட்டு நிண்ணாவ.”