ஆள்காட்டிக்குக் கூடு இல்லாமல் போன கதை

அந்தக் காலத்தில், பறவைகளுக்கு அலகு என்பது இரை கொத்துவதற்கு மட்டுமில்லை, வம்பு பேசவும் வழக்காடவும்கூட என்று இருந்த காலத்தில், ஓர் ஏரிக்கரையில் ஏழு ஆலமரங்கள் நின்றன. ஏழும் விழுது விட்டு, கிளையோடு கிளை பின்னி, எது எந்த மரம் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றாகிப் போயிருந்தன. அதுதான் பறவைகளின் பட்டணம். கிளைகள் தெருக்கள், கவட்டைகள் முச்சந்திகள். பொழுது விடிந்தால் அங்கே எழும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. பட்டணம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

முதலில் குடியேறியவர்கள் நாங்கள்தான் என்று நாரைகள் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்று அவர்களும் சொன்னதில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை. உச்சிக் கிளைகள் முழுக்க அவர்களுடையவை. காற்றும் வெயிலும் தாராளம், பாம்பு ஏறாது.

ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வாசல் ஒன்று இருந்தது. ஏரிப் பக்கமாகத் தாழ்ந்து நீண்ட ஒரு கிளை. அங்கே உட்கார்ந்திருப்பவள் கூவாத்தாள். இன்றைக்கு நாம் ஆள்காட்டி என்கிறோமே, அந்த இனத்தின் முதல் தாய். அப்போது அந்தப் பெயர் வரவில்லை. யார் வந்தாலும் முதலில் அந்தக் கிளையில் இறங்கி, தன் பெயரையும் புறப்பட்ட ஊரையும் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் அதை ஏழு மரத்துக்கும் கேட்கும்படி கூவுவாள்.

"கருவேலங்காட்டுலேர்ந்து ஒரு மைனா குடும்பம் வந்திருக்கு. கூட ரெண்டு குஞ்சு. அந்த ஊர்க்காரங்க யாராவது இருந்தா வந்து கூட்டிட்டுப் போங்க."

முன்னமே வந்து தங்கிவிட்ட கருவேலங்காட்டு மைனாக்கள் எந்தத் தெருவிலிருந்தாவது பறந்து வரும். அழுகையும் சிரிப்புமாகக் கூட்டிப் போகும். அப்படி ஒரு தொண்டை கூவாத்தாளுக்கு. ஞாபகமும் அப்படித்தான். ஒருமுறை கேட்ட பெயரை அவள் மறந்ததில்லை. யார், எங்கிருந்து, எந்த மழைக்கு முன்னால் வந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

பிறகு மூன்று வருடம் தொடர்ந்து வானம் பொய்த்தது. சுற்றுவட்டாரத்துக் குளம் குட்டையெல்லாம் வெடித்துக் கிடந்தன. பறவைகள் கூட்டம் கூட்டமாக ஏழு மரங்களுக்கு வந்தன. தவிட்டுக்குருவிகள், மைனாக்கள், கிளிகள், தூக்கணாங்குருவிகள். வந்தவர்கள் சும்மா உட்காரவில்லை. இலைக்கு இலை புழு பொறுக்கினார்கள், உதிர்ந்த கூடுகளைச் சீர் செய்தார்கள், கிழ நாரைகளுக்கு வீட்டுவாசலிலேயே நத்தை கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. நாரைக் குஞ்சுகளோ இறக்கை முளைத்ததும் தூரத்து ஏரிகளைத் தேடிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. உச்சிக் கிளையில் வீட்டுக்கு இரண்டு கிழம், கீழ்க் கிளையில் வீட்டுக்கு ஏழு குஞ்சு என்று ஆனது.

வருடத்துக்கு ஒருமுறை தலை எண்ணுவது அந்த ஊர் வழக்கம். அந்த வருடம் எண்ணிப் பார்த்தபோது பத்துத் தலைக்கு இரண்டு தலைதான் நாரை. நாரைகளின் தலைவர் வெண்கழுத்தார் அன்று இரை எடுக்கவில்லை.

இந்த இடத்தில் கூவாத்தாள் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். அவள் புருஷனைப் பருந்து கொண்டுபோய்விட்டது. போன வருடம் இட்ட நான்கு முட்டைகளைப் பாம்பு விழுங்கியது. தாழ்ந்த கிளை அல்லவா, அதற்கு ஏறி வருவது ரொம்பச் சுலபம். இப்போது அவள் வயிற்றில் இருப்பது புருஷன் விட்டுப்போன கடைசி முட்டைகள். இவை பிழைக்காவிட்டால் அவளுக்கென்று இந்த உலகத்தில் யாரும் இல்லை.

அவளுக்குக் கூடு கட்டத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்த்தவன் மஞ்சாண்டி என்கிற தூக்கணாங்குருவி. இரண்டு வருடம் முன்பு தனியாக வந்து இறங்கியவன். அவன் ஊரைச் சொல்லி அவள் நாள் முழுக்கக் கூவியும் கூட்டிப்போக யாரும் வரவில்லை. "சரி, என் கிளையிலயே இருந்துக்க" என்று இடம் கொடுத்தாள். அந்த நன்றிக்கு அவளுக்குக் கூடு பின்னிக் கொடுத்தான். அக்கா அக்கா என்று அவளையே சுற்றிச் சுற்றி வருவான்.

ஒருநாள் வெண்கழுத்தார் வாசல் கிளைக்கு இறங்கி வந்தார். அவர் அங்கே வருவதே பெரிய சங்கதி. கூவாத்தாள் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. பாம்புத் தொல்லை இந்த வருஷமும் உண்டா?"

"அது எங்கங்கய்யா போகப் போவுது."

"என் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கவட்டை காலியா இருக்கு. என் மகன் இருந்த இடம். நீ அங்க வந்துடு."

உச்சிக் கிளையில் நாரை அல்லாத ஒருத்திக்கு இடமா? வெண்கழுத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ ஒண்ணே ஒண்ணு செய்யணும். ஊர்ல யார் எப்ப வந்தாங்கன்னு உனக்கு மட்டுந்தான் தெரியும். மழை நின்ன பிறகு வந்தவங்க யாராவது பறந்து போனா, நீ மேல உக்காந்து ஒரு குரல் குடு. அவ்வளவுதான்."

"குரல் குடுத்தா அவங்களை என்னய்யா செய்வீங்க?"

"என்ன செய்யப் போறோம். தெரிஞ்சு வெச்சுக்கத்தான்."

அவளுக்கு உறுத்தாமல் இல்லை. தெரிந்துகொண்டு சும்மா இருப்பதற்கு யாராவது இத்தனை தூரம் இறங்கி வருவார்களா? ஆனாலும் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கவட்டை கைவிட்டுப் போய்விடும் என்று பயம்.

மறுநாள் மஞ்சாண்டியிடம் விஷயத்தைப் பாதி சொன்னாள். இடம் கிடைத்ததைச் சொன்னாள், எதற்குக் கிடைத்தது என்பதைச் சொல்லவில்லை. அவனுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "மேல காத்து சாஸ்திக்கா, அடிப்பக்கம் மூணு சுத்துப் பின்னணும்" என்று நார் தேடப் புறப்பட்டான்.

கூவாத்தாள் மேலே போய் உட்கார்ந்தாள். ஒரு கிளி பறந்தது. கூவினாள். இரண்டு நாரைகள் போய் அதைத் தங்கள் நீண்ட அலகால் ஊர் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டு வந்தன. அவள் அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒரு மைனா குடும்பம், பிறகு தவிட்டுக்குருவிகள் ஒரு தெரு முழுக்க. பெயரைச் சொல்லி நம்பி இறங்கியவர்கள் அத்தனை பேரையும் அதே பெயரைச் சொல்லிக் கூவினாள். எனக்கு அவள்மேல் கோபம்தான். ஆனால் அவள் வயிற்றில் இருந்த முட்டைகளை நினைத்தால் கோபமும் முழுசாக வரமாட்டேன் என்கிறது.

நான்காம் நாள் மஞ்சாண்டி ஒரு நீள நார் இழையை அலகில் கவ்விக்கொண்டு உச்சிக்குப் பறந்து வந்தான். புதுக் கூட்டின் அடிப்பக்கத்தில் ஒரு சுற்று முடிந்திருந்தது. அவன் கூட்டில் தொற்றியதும் வெண்கழுத்தார் கேட்டார்.

"இவன் எப்ப வந்தவன்?"

கூவாத்தாள் கூட்டின் விளிம்பைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். இவன் மழை நிக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா? சொல்ல முடியலன்னா பரவாயில்ல. நீ கீழயே இருந்துக்கலாம்."

மஞ்சாண்டி நார் இழையைக் கவ்வியபடியே அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. அக்காதானே பதில் சொல்லப் போகிறாள் என்று சாதாரணமாகக் காத்திருந்தான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கூவினாள். அவன் பெயரையும் ஊரையும் வந்த நாளையும், ஒன்று விடாமல்.

நாரைகள் நெருங்கின. மஞ்சாண்டி சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. வாயிலிருந்த நார் இழையைக் கூட்டின் விளிம்பில் வைத்தான்.

"அக்கா, அடியில இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கு. யாரையாவது வெச்சு முடிச்சுக்க. இப்படியே விட்டா தாங்காது" என்றான். பறந்து போய்விட்டான்.

அவள் முட்டையிட்டாள், நான்கு. கூட்டை முடித்துத் தரச்சொல்லி ஊரெல்லாம் கேட்டாள். தூக்கணாங்குருவி ஒன்றுகூட மிச்சமில்லை. நாரைகளிடம் கேட்டபோது, "எங்களுக்குக் குச்சி அடுக்கத்தாம்மா தெரியும்" என்றார்கள். எட்டாம் நாள் மேல்காற்று வீசியது. கூட்டின் அடி நெகிழ்ந்தது. அவள் இறக்கையை விரித்து அணைத்துப் பார்த்தாள், காலால் இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். முட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அத்தனை உயரத்திலிருந்து விழுந்தால் என்ன மிஞ்சும்?

பட்டணமும் பிழைக்கவில்லை. புழு பொறுக்க ஆளில்லாத மரங்களைக் கம்பளிப்பூச்சி மொட்டையடித்தது. நிழல் இல்லாத கிளைகளை விட்டு நாரைகளும் கிளம்பினார்கள். கடைசியாகப் புறப்பட்டவர் வெண்கழுத்தார். தரையில் உடைந்த ஓடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூவாத்தாளின் அருகே இறங்கினார்.

"என் பிள்ளைங்களும் எங்கயோ ஓர் ஊர்ல புதுசாப் போய் இறங்கினவங்கதான். இத்தனை நாள் அது எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார்.

கூவாத்தாள் உடைந்த ஓடுகளை அலகால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது அவள் கண்ணோரத்துச் சதை சிவந்து தடித்திருந்தது.

ஏரிக்கு அக்கரையில் ஒரு பனந்தோப்பில் தூக்கணாங்குருவிகள் குடியேறியிருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருநாள் அங்கே போனாள். தூரத்திலேயே மஞ்சாண்டி தெரிந்தான். ஓலை நுனியில் தலைகீழாகத் தொங்கிப் பின்னிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். அவனைப் பார்த்த மாத்திரத்தில் நெஞ்சு பொங்கி, அவன் பெயரைச் சொல்லிக் கூவிவிட்டாள்.

அந்தக் குரலைத் தெரியாதவர்கள் யாரும் தோப்பில் இல்லை. பின்னிய கூடுகளைப் பாதியில் விட்டுவிட்டு, அத்தனை பேரும் பறந்தார்கள். மஞ்சாண்டியும் பறந்தான். நில்லுங்கள் என்று சொல்லவும் அவளுக்கு அந்த ஒரு குரல்தான் இருந்தது. அதைக் கொடுக்கக் கொடுக்க அவர்கள் இன்னும் வேகமாகப் போனார்கள்.

அன்று முதல்தான் ஆள்காட்டி மரம் ஏறுவதில்லை. வெட்டவெளியில் கூழாங்கற்களுக்கு நடுவே வெறுந்தரையில் முட்டையிடுகிறது. யார் வந்தாலும் ஓடி ஓடிக் கத்துகிறது, கேட்டவர்கள் எல்லாம் விலகிப் போகிறார்கள்.