பத்தாவது கதை

நெடுங்கரை நாட்டை மாறநம்பி ஆண்டபோது அவர் சபையில் கூத்தபிரான் என்று ஒருவர் இருந்தார். வேலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மன்னருக்குக் கோபம் வந்தால் சிரிக்க வைப்பார்; அமைச்சர்களுக்குத் தூக்கம் வந்தால் எழுப்பிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் போய் மன்னர் ஒருநாள் புத்தகம் தொகுக்கச் சொன்னார்.

இளவரசிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தியான குன்றூர் அரசருக்குக் கதை என்றால் உயிர். யானையும் குதிரையும் அவரிடமே வேண்டிய மட்டும் இருந்தன. அதனால் நெடுங்கரைக்காரர்கள் எழுதிய சிறுகதைகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே சுவடியாகக் கட்டிப் பரிசளிக்கலாம் என்று மன்னருக்குத் தோன்றியது.

கூத்தபிரானுக்கு இது முதல் அனுபவம். படிக்க வேண்டியது, பிடித்ததை எடுத்துக் கயிறு போட்டுக் கட்ட வேண்டியது, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார். முரசறைந்த எட்டாம் நாள் அவர் வீட்டில் இருநூற்று நாற்பத்து மூன்று ஓலைக்கட்டுகள் குவிந்துகிடந்தன. அவற்றில் முப்பத்தொரு கதைகள், கடைசியில் எல்லாம் கனவு என்று முடிந்தன. அரண்மனை வைத்தியர் தன் கதையோடு ஒரு குடுவை லேகியமும் அனுப்பியிருந்தார். யானைப்பாகனோ, தன் கதையைப் படித்து முடிக்கிற வரைக்கும் யானையை வாசலிலேயே நிறுத்திவைத்தான். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தெரு அவருக்கு அடைபட்டுப் போயிற்று. கடைவீதிக்குப் போவதற்குக்கூட ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

ஆனாலும் பத்துக் கதைகள் தேறிவிட்டன. அவற்றில் அவருக்கு மிகவும் பிடித்தது உப்பு விற்கும் வெள்ளாச்சி, கோயில் கணக்கரிடம் சொல்லி எழுதவைத்த ஐந்து ஓலைக் கதை. மனைவியை விட்டுப் போன ஒருவன் பல வருஷம் கழித்து, யாரோ போல அவள் வாசலில் வந்து சோறு கேட்கிறான். அவளும் முகம் காட்டாமல் சோறு போடுகிறாள். உப்பில்லையே என்கிறான். “அதை நீ போன அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாயே” என்கிறாள். அதோடு கதை முடிந்தது. கூத்தபிரான் அதைப் படித்த அன்று மோர்ச்சோறு இறங்காமல் எழுந்துவிட்டார்.

சுவடியைக் கட்டப்போகிற நேரத்தில் தளபதி செங்கோடனாரின் கதை வந்தது. அதை இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னூற்றுப் பன்னிரண்டு ஓலைகள். தளபதி தனியாகக் காட்டுக்குப் போய் வெறும் கையால் புலியைக் கொன்ற கதை. புலி வருவதற்கே நூற்று எண்பதாவது ஓலை ஆகிவிடும்; அதுவரை தளபதியின் பரம்பரைப் பெருமை. கடைசியில் புலி அவர் காலில் விழுந்து, எதுகை மோனையோடு மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாகும்.

செங்கோடனார் அரசியின் அண்ணன். ஓர் எழுத்தைக்கூடக் குறைக்கக் கூடாது, இடம் போதாவிட்டால் பத்தாவதாக இருக்கிற அந்த உப்புக்காரியின் கதையை எடுத்துவிடும் என்று அவர் சொல்லியனுப்பினார். கூத்தபிரான் மன்னரிடம் ஓடினார். மன்னருக்கும் மைத்துனரின் எழுத்து எப்படிப்பட்டது என்று தெரியும். இருந்தாலும் அரசியின் முகத்தைத் தான் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பெருமூச்சு விட்டார். தளபதியின் கதையைத் தக்க காரணம் இல்லாமல் ஒதுக்கினால் கூத்தபிரான் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

கூத்தபிரான் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அன்று முழுக்க வெள்ளாச்சியின் ஓலைகளைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தார். கை வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் சபை கூடியது. குன்றூர் அரசர் மன்னருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். கூத்தபிரான் சுவடியை ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். அதன் பருமனைப் பார்த்ததுமே தளபதிக்குப் புரிந்துவிட்டது.

“ஓய், என் கதை எங்கே?”

மன்னரும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு காரணம் கேட்டார். சொல்வதற்கு முன் தளபதியிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார் கூத்தபிரான்.

“தளபதியாரே, நீங்கள் எழுதியது நடந்ததா, கற்பனையா?”

செங்கோடனார் சுற்றிலும் பார்த்தார். அவருடைய வீரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். குன்றூர் அரசரின் பார்வை அவர் கழுத்தில் தொங்கிய புலிநகத்தின் மேல் இருந்தது.

“என்ன கேள்வி இது? அத்தனையும் நடந்தது.”

“புலி மன்னிப்புக் கேட்டதுமா?”

தளபதி கொஞ்சம் தயங்கினார். “அதுவும்தான். என் காதாலேயே கேட்டேன்.”

கூத்தபிரான் மன்னரைப் பார்த்துக் கைகூப்பினார்.

“அரசே, நீங்கள் கேட்டது கதைப் புத்தகம். நடந்ததைக் கொண்டுபோய்க் கதைகளுக்கு நடுவில் வைத்தால் படிக்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? தளபதி கதை விடுகிறார் என்பார்கள். அவர் கதை விடுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான், அவர் கதையை நான் விட்டுவிட்டேன். இல்லை, கற்பனைதான் என்று தளபதியார் ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்போதே சேர்த்துவிடுகிறேன்.”

தளபதி வாயைத் திறந்தார். வீரர்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

முதலில் சிரித்தது குன்றூர் அரசர்தான். மன்னர் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் வெள்ளாச்சியின் கதையை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். படித்து முடித்தபோது அரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் கதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். வேறென்ன வேண்டும் என்றும் கேட்டார்.

“ஒன்றே ஒன்றுதான் அரசே. இனிமேல் இந்த நாட்டில் யார் கதை எழுதினாலும் என்னிடம் காட்டக் கூடாது.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் மன்னர். சொல்லிக்கொண்டே, மடியில் தயாராக எடுத்து வைத்திருந்த ஒரு சின்ன ஓலைக்கட்டை மெதுவாக இருக்கைக்கு அடியில் தள்ளினார்.