ஒரு வண்டியும் மூவர் கேட்ட பழியும்

பரிசு ஒன்று, கேட்பவர் மூவர் என்றால் வழக்கைத் தீர்த்துவிடலாம். பழி ஒன்று இருக்க, மூவரும் அதை எனக்கே என்று கேட்டால் என்ன செய்வது? காங்கேயம் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நாச்சிமுத்துவிடம் ஒரு வண்டி இருந்தது. ஆழ்துளைக் கிணற்றில் பழுதான மோட்டாரைக் குழாயோடு மேலே தூக்கி, சரிசெய்து இறக்கும் வண்டி. ஓட்டுவதும் தூக்குவதும் மாரப்பன். போனில் அழைப்பு வாங்கி, யாருக்கு எப்போது வண்டி என்று சொல்வது மகள் சிந்துஜா. அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள்.

தை மாதம், இரண்டாவது வண்டி வாங்கலாமா என்று நாச்சிமுத்து மகளைக் கேட்டார். அவள் ஒரு வருடத்து அழைப்புகளை எண்ணிப் பார்த்தாள். முக்கால்வாசி நாள் ஒரு வேலைதான். நம் வண்டி கிடைக்கவில்லை என்று வேறிடம் போனவர் ஒருவர்கூட இல்லை. "இந்த வருஷம் வேண்டாங்கப்பா" என்றாள். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார். அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, இன்றைக்கு வண்டி வராது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. யார் கேட்டாலும் "வந்துருமுங்க" என்பாள்.

சித்திரையில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் அழைத்தார். வண்டி அங்கே போனது. ஏழு மணிக்குப் பூவாத்தாள் அழைத்தார். இரண்டாயிரம் கோழிகள் உள்ள பண்ணை அவருடையது. மோட்டார் நின்றுவிட்டது, தொட்டித் தண்ணீர் பன்னிரண்டு மணி வரைக்கும்தான் வரும் என்றார்.

"வண்டி வர நேரமாகும்னா இப்பவே சொல்லிப்போடு கண்ணு. நான் தண்ணி லாரிக்குச் சொல்லிக்கறேன்."

"பதினோரு மணிக்குள்ள வந்துருமுங்க அக்கா."

பத்து மணிக்குத் தோப்பிலிருந்து மாரப்பன் போனில் கூப்பிட்டார். குழாய் பாதியில் சிக்கிவிட்டது, அப்படியே விட்டு வந்தால் மோட்டார் உள்ளே விழுந்துவிடும், முடியப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும் என்றார். சிந்துஜா போனில் பூவாத்தாளின் பெயர் வரை போனாள். ஒருவேளை சீக்கிரம் முடிந்துவிட்டால்? போனைக் கீழே வைத்துவிட்டாள். பன்னிரண்டரைக்குப் பூவாத்தாளே அழைத்தபோது, "கெளம்பிட்டாங்க" என்றாள்.

வண்டி போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. வெயில் தாங்காமல் அறுநூறு கோழிகள் செத்துக் கிடந்தன. பூவாத்தாள் யாரையும் திட்டவில்லை. செத்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டே, "சோறு உண்டாச்சா மாரப்பா?" என்று கேட்டாராம். மாரப்பன் இரவு வந்து அதை வீட்டில் சொன்னார்.

கேட்டதும் நாச்சிமுத்து, இரண்டாவது வண்டி வாங்காமல் விட்டது நான், பழி என்னுடையது, விடிந்ததும் அதற்கு முன்பணம் கட்டிவிடுகிறேன் என்றார். அவசரப்பட்டு இழுத்துக் குழாயைச் சிக்கவைத்தது தன் கை என்றார் மாரப்பன். சிந்துஜா தலை நிமிராமல், "வண்டி வேண்டாம்னு சொன்னது நாந்தானே" என்றாள்.

இந்தப் பழி யாருக்கு உரியது? விடிந்ததும் முன்பணம் கட்டலாமா?

விடை: பழி சிந்துஜாவுக்கு உரியது. ஆனால் அவள் கேட்டு வாங்கிய பழி அதுவல்ல. குழாய் சிக்குவது தொழிலில் உள்ளது. வண்டி ஒன்றே இருந்தாலும், சொன்ன நேரத்துக்கு வராது என்று பத்து மணிக்கே உள்ளதைச் சொல்லியிருந்தால் ஒரு கோழியும் செத்திருக்காது. தண்ணீர் லாரி வந்திருக்கும். பெரிய தவறை மறைக்க அவள் சின்னத் தவறை ஒப்புக்கொண்டாள். வேறிடம் போனவர் யாருமில்லை என்ற கணக்கும், எல்லோரிடமும் வந்துரும் என்றே சொன்னதால் வந்ததுதான். போகச் சொன்னால்தானே போவார்கள்? ஆகவே முன்பணம் இப்போது வேண்டாம். சில மாதம் உள்ளதைச் சொல்லட்டும்; எத்தனை பேர் வேறு வண்டி தேடிப் போகிறார்கள் என்று பார்த்து வாங்கலாம். மறுநாள் முன்பணம் கட்டக் கிளம்பி அப்பா சட்டையை மாட்டும்போது, பூவாத்தாளிடம் தான் சொன்ன பொய்யைச் சிந்துஜா சொல்லிவிட்டாள். அவர் பொத்தானைக்கூடப் போடாமல் நின்றார். "எங்கிட்டச் சொல்லி என்ன சாமி," என்றார், "வா, பண்ணைக்குப் போலாம்."