மயில்கண் கிளிஞ்சலும் கல் வரிசையும்

மயிலுக்கும் நண்டுக்கும் அதுவரை பேச்சே இருந்ததில்லை.

மயில் குன்றின் உச்சியில் வாழ்ந்தது. ஆண்டுக்கு ஒரு முறை தன் தோகையிலிருந்து ஒரு பீலியை எடுத்துப் புலிக்கோ யானைக்கோ சூட்டும். அதைச் சூடியவர் நடந்து வந்தால் மற்றவர்கள் வழிவிட வேண்டும். நண்டு குன்றின் அடியில், குளத்துச் சேற்றில் வாழ்ந்தது. கிளிஞ்சலில் துளையிட்டு, நாணல் நாரில் கோத்து, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தது. இரண்டு நெல்லிக்காய்க்கு ஒரு கிளிஞ்சல். அது அறுந்து விழுந்தால் யாரும் அழுததில்லை.

ஒரு சித்திரை மாதம், நரி குளக்கரையில் நின்று ஊளையிட்டது.

"கேளுங்கள்! கேளுங்கள்! மயிலும் நண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்! நண்டின் கிளிஞ்சலில் மயிலின் கண்! பத்தே நெல்லிக்காய்! நாவல் மரத்தடியில் மட்டும்தான் கிடைக்கும்! தலைக்கு ஒன்று!"

"புலி சூடுகிற அதே கண்ணா?" என்று முயல் கேட்டது.

"அதே கண்! வரைந்த கண்!"

ஆறு நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுதின் பெயர். விடியல் என்றால் இளஞ்சிவப்பு, உச்சி என்றால் மஞ்சள், யாமம் என்றால் கருநீலம். பெயர்களைக் கேட்டதுமே பாதிக் காடு மயங்கிவிட்டது.

மறுநாள் விடிவதற்குள் வரிசை குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. அதில் விலங்குகளைவிடக் கற்களே அதிகம்.

அந்தக் காட்டில் அது வழக்கம். முன்பு ஒரு கோடையில் குளம் வற்றி ஒரே ஓர் ஊற்று மிஞ்சியது. காட்டுப்பன்றிகள் சின்ன விலங்குகளை அதன் அருகே விடவில்லை. கீரிதான் முன்னால் நின்று போராடியது. ஒரு காதை இழந்தது. கடைசியில் பன்றிகள் இறங்கி வந்தன. அன்று முதல், யாரும் தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுக் கூப்பிடு தூரத்தில் இரை தேடப் போகலாம். திரும்பும்வரை அந்தக் கல்லை யாரும் தாண்டக் கூடாது. மூன்று முறை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் மட்டும் அது வெறும் கல். எலி வைத்த கல்லுக்கும் பன்றி வைத்த கல்லுக்கும் ஒரே மரியாதை.

அந்தக் கீரி இப்போது வரிசையின் ஓரமாக நடந்து வந்தது.

"தண்ணீருக்காகக் கூப்பிட்டபோது எத்தனை பேர் வந்தீர்கள்? ஓர் எலி! இரண்டு ஓணான்! இன்று காடே வந்து நிற்கிறது!"

"அண்ணே, காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்!" என்றது முயல்.

"புலியின் தலையில் இருப்பதைப் பார்த்து ஏங்கியவர்களுக்கு அதன் நிழலை விற்கிறார்கள். நீங்களும் நெல்லிக்காயோடு நிற்கிறீர்களே!"

"நிழலாகவே இருக்கட்டும். இதுவரை அதுகூட நம் பக்கம் விழுந்ததில்லையே, அண்ணே!"

கீரி முறைத்துவிட்டுப் போய்விட்டது.

குளக்கரை மருத மரத்தில் ஓர் அணில் இரண்டு குட்டிகளோடு இருந்தது. அதன் பொந்து காட்டிலேயே நல்ல பொந்து. வாய் தென்மேற்குப் பார்த்தது. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து அடித்து ஊற்றும். அந்தப் பொந்துக்குள் ஒரு சொட்டு விழாது.

அணிலும் மூன்று நாள் வரிசையில் நின்றது. மூன்று நாளும் அதற்கு முன்னால் இருந்தவரோடு கிளிஞ்சல் முடிந்துவிட்டது.

"தீர்ந்தது! நாளைக்கு வாருங்கள்!" என்று நரி வாலை ஆட்டியது.

அணில் வாடிய முகத்தோடு வீடு திரும்பியது. மருத மரத்தின் கீழ்க் கிளையில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அதன் கையில் ஆறு நிறத்திலும் கிளிஞ்சல்கள் தொங்கின.

"உனக்கு மட்டும் எப்படி இத்தனை?" என்று அணில் கேட்டது.

"எனக்கு நான்கு மச்சான்கள் இருக்கிறார்கள், அக்கா. தினமும் ஆளுக்கொரு கல். எந்தக் கலர் வேண்டும், சொல்லுங்கள்."

"விடியல். பத்து நெல்லிக்காய் வைத்திருக்கிறேன்."

"அது நரியின் விலை. நரியிடம்தான் தீர்ந்துவிட்டதே! என் விலை வேறு. இந்தப் பொந்தைக் கொடுங்கள்."

"பொந்தா? என் குட்டிகள் எங்கே படுக்கும்?"

"சித்திரை வெயிலில் பொந்துக்குள் யார் படுப்பார்கள்? மழைக்கு இன்னும் ஆறு மாதம். அதற்குள் இந்த ஒரு கிளிஞ்சலுக்கு இரண்டு பொந்து கிடைக்கும். நேற்று ஒரு மரங்கொத்தி முழுக் கிளையையே கொடுத்துவிட்டுப் போனது!"

அணில் யோசித்தது. ஒரு பொந்து கொடுத்து இரண்டு பொந்து வாங்கினால் குட்டிக்கு ஒன்றாகிவிடும். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. கீழே வரிசையைப் பார்த்தது. இத்தனை பேர் நிற்கும்போது விலை எப்படி இறங்கும்?

பொந்தைக் கொடுத்துவிட்டு விடியலைக் கழுத்தில் போட்டுக்கொண்டது.

அன்று மாலை அது தண்ணீர் குடிக்கப் போனபோது, அதுவரை அதன் முகத்தைக்கூடப் பார்க்காத புள்ளிமான் திரும்பிப் பார்த்தது. "அடடா, விடியலா! எப்படிக் கிடைத்தது?" அணில் ஒரு வாரம் அந்தக் கேள்வியிலேயே வாழ்ந்தது.

குரங்கும் மச்சான்களும் பொந்தைக் கிடங்காக்கிக் கிளிஞ்சல்களை வாய்வரை அடைத்தார்கள்.

வைகாசி முழுக்கக் காட்டில் வேறு பேச்சில்லை. ஒன்று வைத்திருந்தவர்கள் ஆறும் வேண்டும் என்றார்கள். ஆறும் சேர்த்தவர்கள், முதல் நாள் விற்ற கிளிஞ்சலுக்கு மட்டும்தான் மதிப்பு என்றார்கள். வரைந்த கண்ணின் கோடுகளை எண்ணி, எது முதல் நாள், எது பிந்தியது என்று சண்டை போட்டார்கள். உடும்பு மட்டும் சண்டைக்கு வரவில்லை. அது ஒரே ஒரு மஞ்சள் உச்சியை வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே சேற்றில் புரண்டது.

"இப்படிக் கெடுக்கிறாயே!" என்று முயல் பதறியது.

"கழுத்தில் போடத்தானே வாங்கினேன்?" என்றது உடும்பு.

ஆனியில் முயலின் கழுத்து நீலமாகிவிட்டது. யாமத்தின் சாயம் வியர்வையில் இறங்கியிருந்தது.

"என்ன நோய் இது?" என்று மான் தள்ளி நின்று கேட்டது.

"நோய் இல்லை, கிளிஞ்சல்தான்!"

ஆடிக் காற்றில் நார்கள் அறுந்தன. சிலர் கோத்துக்கொண்டார்கள். பலர் அப்புறம் பார்க்கலாம் என்று புதரில் வைத்தார்கள். ஆவணியில் ஒரு நாள் முயல் கிளிஞ்சல் போடாமல் குளத்துக்கு வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. மறுநாளும் அது போடவில்லை. அப்புறம் அதற்கே நினைவில்லை.

யாரும் கிளிஞ்சலைத் திட்டவில்லை. யாரும் அதற்காக வருந்தவும் இல்லை. பேச்சு மட்டும் மெல்ல வேறு பக்கம் போய்விட்டது.

புரட்டாசி முடியப் போனது. வடகிழக்கில் மேகம் ஏறியது. அணில் விடியலைக் கழற்றி எடுத்துக்கொண்டு குரங்கிடம் போனது.

"தம்பி, இந்தா உன் கிளிஞ்சல். என் பொந்தைத் திருப்பிக் கொடு. இரண்டு வேண்டாம், ஒன்றே போதும்."

குரங்கு கிளிஞ்சலைப் பார்த்தது, வாங்கவில்லை.

"இதை வைத்து நான் என்ன செய்வது, அக்கா? உள்ளேயே வாய்வரை கிடக்கிறது!"

"இதற்குத்தானே என் வீட்டை வாங்கினாய்?"

"அது சித்திரை. இப்போது கொஞ்சம் இறக்கம். ஆனால் ஏறும்! நரி நேற்று அறிவித்ததைக் கேட்கவில்லையா? கண்ணின் நடுவில் பொன் பொட்டு வைத்த புதுக் கிளிஞ்சல்! அங்கே பாருங்கள் வரிசையை! அந்த வரிசை இருக்கும்வரை நான் இந்தக் கிடங்கைக் காலி செய்யமாட்டேன்!"

அணில் திரும்பிப் பார்த்தது. உண்மைதான். வரிசை மறுபடியும் குளத்தைச் சுற்றியிருந்தது.

இத்தனை பேரில் ஒருவருக்காவது என் கிளிஞ்சல் வேண்டியிருக்காதா, அவரிடம் ஒரு பொந்து இருக்காதா என்று எண்ணி, அணில் வரிசையின் கடைசிக்கு ஓடியது. அங்கே ஒரு கல் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கல். அதற்கும் முன்னால் ஒரு கல். எல்லாம் ஒரே மாதிரிச் செம்மண் கல்.

"இந்தக் கல் யாருடையது?" என்று கூப்பிட்டது. குரல் வரவில்லை.

"யாருடையது? உங்கள் இடம் எனக்கு வேண்டாம். ஒரு வார்த்தை பேச வேண்டும்!" குரல் வரவில்லை.

மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு, அணில் கல்லை வரிசையிலிருந்து உருட்டித் தள்ளியது. அடுத்த கல்லுக்குப் போனது.

"ஏய்! கல்லைத் தொடாதே!" நரி ஓடி வந்தது. "வழக்கத்தை மீறுகிறாள்! எல்லோரும் பாருங்கள்!"

கீரி புதரிலிருந்து வெளியே வந்தது.

"மூன்று முறை கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டேன், அண்ணே."

"குரல் வந்ததா?"

"வரவில்லை."

"அப்படியானால் அவள் வழக்கத்தைக் காப்பாற்றுகிறாள்," என்றது கீரி. "நரியாரே, உம் வளைக்கு முன்னால் கிடக்கும் செம்மண் கல் இத்தனை தூரம் நடந்தா வந்தது?"

நரி இருமியது.

அணில் கல் கல்லாகப் போனது. கீரி உடன் நடந்தது. கூப்பிடுவதும் உருட்டுவதுமாக வரிசை குறைந்துகொண்டே வந்தது. நாவல் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கல் இருந்தது.

"இது யாருடையது?"

குரல் வரவில்லை. ஆனால் கீரி நின்றுவிட்டது.

"இது யாருடையது?"

கீரி தரையைப் பார்த்தது. "என்னுடையது."

"அண்ணே! நீங்களுமா!" வரிசையில் நின்ற முயல் வாய்விட்டுச் சிரித்தது.

"அந்தப் பொன் பொட்டை... ஒருமுறை பக்கத்தில் பார்க்கலாம் என்று," என்றது கீரி. தன் கல்லைத் தானே உருட்டித் தள்ளியது.

கடைசியில் எட்டுப் பேர் மிஞ்சினார்கள். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ்வளவு பேர்தானா?" என்று மான் கேட்டது.

"மற்றவர்கள் எங்கே?" என்று இன்னொரு குரல் கேட்டது.

"மற்றவர்கள் இருந்தால்தானே!" என்றது முயல்.

அணில் தன் விடியலை எட்டுப் பேரிடமும் நீட்டியது. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்த உடும்பிடமும் நீட்டியது. அதன் கழுத்தில் மஞ்சள் உச்சி சேறோடு தொங்கியது.

"ஒன்று பிடித்தது, வாங்கினேன். இன்னும் பிடித்திருக்கிறது. இன்னொன்று எதற்கு?" என்றது உடும்பு.

மானுக்குத் திடீரென்று வேறு வேலை நினைவுக்கு வந்தது. முயலுக்குப் பசித்தது. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மாலைக்குள் நாவல் மரத்தடியில் நரியும் பொன் பொட்டுக் கிளிஞ்சல்களும் மட்டும் இருந்தன. நரி மூட்டையைக் கட்டிக்கொண்டு குன்றுக்கு ஏறியது. மயில் அதைப் பார்த்து, "அடுத்த முறை ஆமையோடு கூட்டுச் சேரலாமா?" என்று கேட்டதாகச் சொல்கிறார்கள்.

குரங்கு இத்தனையையும் கிளையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் காத்திருந்தது. வரிசை திரும்பவில்லை. மூன்றாம் நாள் மச்சான்களோடு அக்கரை அத்திமரத்துக்குப் போய்விட்டது. கிடங்கைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

ஐப்பசி முதல் மழை அன்றே இறங்கியது. அணில் குட்டிகளை ஓர் இலையடியில் உட்காரவைத்துவிட்டுப் பொந்துக்கு ஏறியது. வாய்வரை கிளிஞ்சல். ஒவ்வொன்றும் அதன் தலையளவு. பல்லால் கவ்வி ஒவ்வொன்றாக இழுத்து வெளியே தள்ளியது. காலையில் தொடங்கிய வேலை பொழுது சாய்ந்தும் முடியவில்லை. குட்டிகள் நனைந்து நடுங்கின. அணிலின் வாயோரம் கிழிந்து ரத்தம் வந்தது. விடியலும் அந்தியும் யாமமும் பாதையில் விழுந்துகொண்டே இருந்தன. மழையில் சாயம் கரைந்து எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டன.

அந்த வழியாக முயலும் மானும் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடின. ஒரு கிளிஞ்சல் முயலின் காலில் குத்தியது.

"சே! நடக்கிற வழியில் யார் இந்தக் குப்பையைக் கொட்டுவது?" என்று கத்திவிட்டு, அதைக் காலால் எத்திக் குளத்தில் தள்ளியது முயல்.

அணில் மேலிருந்து பார்த்தது. கீழே இறங்கிக் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, பாதி காலியான பொந்துக்குள், கிளிஞ்சல்களின் மேலேயே படுக்கவைத்தது.

கூட்டத்தைப் பார்த்துப் பிறந்த ஆசை கூட்டம் கலையும் நாளில் கலைந்துவிடும். அதற்காக வீட்டைக் கொடுத்தவர்தான் மழையில் நின்று அந்தக் குப்பையை அள்ள வேண்டியிருக்கும்.