சுரைக்குடுக்கைப் பேரறிஞர்

புளியங்காட்டுப் புலிக்கு வயதாகிவிட்டது. கண்ணில் புரை, காலில் வாதம். ஓடுகிற மான் கிடக்கட்டும், எதிரே நிற்கிற மானே அதற்குத் தெரியவில்லை. புலி பட்டினி கிடந்தால் மிச்சம் தின்கிற அமைச்சர் நரியும் பட்டினிதானே!

"அரசே, நீங்கள் ஏன் ஓட வேண்டும்? மான்களைத் தானாக வர வைக்கிறேன்!" என்றது நரி.

"எப்படியடா?"

"எல்லாம் மூளை, அரசே! இரண்டு சங்கதிகள் சேர்ந்தே நடந்துகொண்டிருந்தால், மூளை இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடும். அப்புறம் ஒன்றைக் காட்டினால் போதும். மற்றதும் வந்துவிட்டதாக நினைத்து உடம்பு குதிக்கும்!"

புலிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததாலேயே நரியைப் பெரிய மேதை என்று நம்பிவிட்டது.

நரி ஒரு காய்ந்த சுரைக்குடுக்கையில் கூழாங்கற்களைப் போட்டுக் கடகடவென்று ஆட்டியது. உடனே இலுப்பைப் பூவை அள்ளிக் கொட்டியது. மான்கள் வந்து தின்றன. மறுநாளும் கடகட, மறுநாளும் பூ. கொஞ்ச நாளில், பூவைப் பார்க்குமுன்பே, சத்தம் கேட்டதும் மான்களுக்கு வாய் ஊறியது.

அவை திரும்புகிற வழியில் குறுகலான பாறை இடுக்கு ஒன்று. அங்கேதான் புலி படுத்திருக்கும். கடைசியாக வருகிற மான் வீடு போய்ச் சேராது. முன்னால் போகிறவை திரும்பிப் பார்ப்பதில்லை. வயிறு நிறைந்தவர்கள் என்றைக்குத் திரும்பிப் பார்த்தார்கள்?

ஒருநாள் கடைசியாக வந்தது மருதி என்ற பெண்மானின் தங்கை.

"என் தங்கச்சி எங்கே?" என்று மருதி பதறியது.

"எங்கேயாவது மேய்ஞ்சுகிட்டிருப்பா! இன்னைக்குப் பூவில இனிப்பு தூக்கல், கவனிச்சியா?" என்றது ஒரு கொம்பு மான்.

மருதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பூ என்ற பேச்சைக் கேட்டு, அந்த அழுகையிலும் வாய் ஊறியதுதான் கொடுமை!

அடுத்த முறை மருதி பூ தின்னப் போகவில்லை. பாறை உச்சியில் ஒளிந்துகொண்டது. தூரத்தில் குடுக்கை ஆடியது. கீழே தூங்கிக்கொண்டிருந்த புலி சடாரென்று எழுந்தது. பக்கத்தில் ஒரு மான்கூட இல்லை. ஆனாலும் நகம் நீண்டது, வாயிலிருந்து எச்சில் ஒழுகியது.

"அடப் பாவி! எங்களுக்குப் பூன்னா, இந்தக் கிழத்துக்குக் கறியா!" என்று மருதி விக்கித்துப் போனது. பிறகு கடைசியாக வந்த மானுக்கு நடந்ததையும் அதன் கண் பார்த்தது.

ஓடிப் போய்க் கூட்டத்தில் சொன்னது.

"சும்மா பீதியைக் கிளப்பாதே! அமைச்சர் எவ்வளவு அன்பாப் பூ போடுறார்!" என்று எல்லாம் சீறின.

மருதியின் குட்டி அப்போதுதான் நடை பழகியிருந்தது. "நாளைக்கு நானும் வரேம்மா!" என்று துள்ளியது. கூட்டத்திலேயே குட்டைக் கால் அதற்குத்தான். நாளைக்குக் கடைசியாக வரப்போவது யார் என்று மருதிக்குத் தெரியாதா? விடிந்ததும் விடியாததுமாக நரியிடம் போனது.

"ஐயா, உங்களுக்குப் பாராட்டு விழா எடுக்கணும்னு எங்க கூட்டமே துடிக்குது!"

"எனக்கெதற்கம்மா அதெல்லாம்?" என்றது நரி, கழுத்தை நீட்டிக்கொண்டே.

விழா என்றதும் மான்கள் கூடிவிட்டன. மருதி காட்டுக்கொடியில் மாலை கட்டியது. நடுவில் பதக்கம்போல, நரியிடமே கேட்டு வாங்கிய அந்தச் சுரைக்குடுக்கையைக் கோத்து, நரியின் கழுத்தில் போட்டது.

"கானகப் பேரறிஞர் வாழ்க! இதைக் கழற்றிடாதீங்க ஐயா, அரசர் பார்க்கணும்!"

"காட்டாமல் விடுவேனா!"

நரி நிமிர்ந்து நடந்தது. அடிக்கு அடி கடகட! அந்தச் சத்தம் அதன் காதில் கைதட்டலாக விழுந்தது. அரசர் முன் என்ன பேசலாம் என்று யோசித்தபடியே பாறை இடுக்குக்குள் நுழைந்தது.

புலிக்கு நகம் நீண்டது. எச்சில் ஒழுகியது.

"அரசே! நான்தான், உங்கள் அமைச்சர்! என் மூளை..."

அந்த மூளையைத்தான் புலி முதலில் தின்றது என்று காட்டில் பேசிக்கொள்கிறார்கள். அதன்பின் குடுக்கையை ஆட்ட ஆளில்லை, பூவும் இல்லை. மான்கள் அந்தப் பக்கமே போகவில்லை. புலி பட்டினியிலேயே செத்தது.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் பலத்த காற்று வீசியது. பாறை இடுக்கில் கிடந்த குடுக்கை உருண்டு கடகடத்தது. மான் கூட்டம் மொத்தமும் காதை விடைத்தது. மருதிக்கும் வாய் ஊறியது. பாழாய்ப்போன வாய், தங்கையைத் தின்றவனை மறந்தாலும் பூவை மறக்கவில்லையே! பூவின் ருசியைப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்த குட்டி பாயப் போனது.

மருதி குறுக்கே நின்றது. "நில்லுடா! எச்சிலை முழுங்கு. ஆட்டுறது யாருன்னு முதல்ல பார்!"

சத்தம் கேட்டதும் வாய் ஊறுவது உடம்பின் பழக்கம், ஆட்டுகிறவன் யார் என்று பார்த்துவிட்டுக் காலெடுத்து வைப்பதே அறிவு.